சிலிம் ரிவரிலிருந்து கோலாலம்பூருக்கு: ரூம், வாடகை, வேலைக்குப் போகும் வழி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிவு வந்த பிறகும் தீபாவளி கழிந்த வாரத்திலும் பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவரில் எங்கள் வீட்டு வாசலில் யாராவது வந்து நிற்பது வழக்கம். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள், சில நேரம் அவர்களின் அம்மா அப்பா. நான் பதினொரு வருடம் கோலாலம்பூர் (கே.எல்.) பக்கம் வேலை பார்த்தேன். செந்தூலிலும் பூச்சோங்கிலும் ரவாங்கிலும் மாறி மாறிக் குடியிருந்தேன். அதனால் என்னிடம் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான், எனவே அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதிவைக்கிறேன். வாடகைத் தொகைகள் நான் நேரில் பார்த்ததும் அண்மையில் போன பிள்ளைகள் சொன்னதும்.

"அக்கா, கே.எல்.ல வேலை கிடைச்சிருக்கு. ரூம் எங்க பாக்கறது?"

முதலில் வேலை இடத்தின் முழு முகவரியை வாங்குங்கள். நம் ஊரில் ரவாங்கைத் தாண்டினாலே எல்லாம் கே.எல்.தான். ஆனால் ஷா ஆலம், கிள்ளான், பூச்சோங், காஜாங், சைபர்ஜெயா எல்லாமே சிலாங்கூர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காலை ஜாமில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். "கே.எல். வேலை" என்று நம்பி செந்தூலில் ரூம் எடுத்துவிட்டு, வேலை ஷா ஆலம் தொழிற்சாலையில் என்று பிறகு தெரிந்து, ஒரே மாதத்தில் டெப்பாசிட்டை விட்டுவிட்டு மாறிய தம்பி ஒருவரை எனக்குத் தெரியும்.

முகவரி கிடைத்ததும் அதற்குப் பக்கத்தில் எந்த ஸ்டேசன், எந்தப் பாதை என்று பாருங்கள். எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில் என்ற நகர ரயில்கள், கொமுட்டர் என்ற புறநகர் ரயில் என்று பாதைகள் தனித்தனி. வேலை இடம் எந்தப் பாதையில் இருக்கிறதோ அதே பாதையில் ரூம் தேடுங்கள். ரயில் மாறத் தேவையில்லாத பத்து ஸ்டேசன், இரண்டு முறை மாற வேண்டிய நான்கு ஸ்டேசனைவிட உடம்புக்கு நல்லது.

"எதுக்கு ரூம்? இங்கருந்தே தினமும் போய் வந்துடலாமே?"

இதை அதிகமாகக் கேட்பவர்கள் அம்மாக்கள். நம் ஊர் கே.எல்.க்குச் சுமார் 100 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. சிலிம் ரிவரில் இ.டி.எஸ். நிற்கிறது, உண்மைதான், ஆனால் அது நெடுந்தூரப் பயணிகளுக்காக ஓடும் ரயில். டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும், நம் வேலை நேரத்துக்கு ஏற்ற மாதிரி அடிக்கடி வராது. கொமுட்டர் தஞ்சோங் மாலிமில்தான் தொடங்குகிறது. அங்கே போக மோட்டாரில் அரை மணி, நிறுத்திவிட்டுக் காத்திருக்கக் கால் மணி, ரயிலில் கே.எல். சென்ட்ரல் வரை ஒன்றரை மணிக்கு மேல், அங்கிருந்து எல்.ஆர்.டி. பிடித்து நடக்க இன்னொரு அரை மணி.

போக மூன்று மணி, வர மூன்று மணி. 22 வேலை நாளுக்கு 132 மணி நேரம், அதாவது மாதத்தில் ஐந்தரை நாள் முழுக்க வழியிலேயே போகும். முதல் இரண்டு வாரம், ரூம் கிடைக்கும்வரை செய்யலாம். அதற்கு மேல் வேண்டாம். இதில் தூக்கம் கெட்டுத்தான் பலர் மூன்றாவது மாதமே வேலையை விட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், ஊரிலோ "அவன் நிலைச்சு நிக்க மாட்டான்" என்று பேசுகிறார்கள்.

"அப்ப ரவாங், செரண்டா பக்கம் நடுவுல தங்கினா?"

இது நல்ல யோசனை, குறிப்பாக இரண்டு மூன்று பேர் சேர்ந்து வீடு எடுப்பதென்றால். ரவாங்கில் தரை வீடே நியாயமான வாடகைக்குக் கிடைக்கும், கோயிலும் நம் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு, ஊருக்கு வருவதும் சுலபம். கொமுட்டரில் கே.எல். சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சங்கடம், கொமுட்டர் எல்.ஆர்.டி. மாதிரி சில நிமிடத்துக்கு ஒன்று வராது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நிற்க வேண்டும், தாமதமும் உண்டு. கைரேகை வைத்து நேரம் பார்க்கிற கம்பெனியில் வேலை என்றால் எப்போதும் ஒரு ரயில் முன்னதாகவே போங்கள்.

"கையில எவ்வளவு காசோட கிளம்பணும்?"

600 வெள்ளி (ரிங்கிட்) ரூம் என்றால் 600 வெள்ளியோடு போனால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். வழக்கம் இதுதான்: இரண்டு மாத டெப்பாசிட், ஒரு மாத முன்பணம், லைட் தண்ணிக்கு அரை மாதம். கணக்குப் பார்த்தால் 1200, 600, 300, மொத்தம் 2100 வெள்ளி. கொண்டோவாக இருந்தால் கதவு அட்டைக்கும் சாவிக்கும் தனியாக நூறு இருநூறு கேட்பார்கள். ரூம் மட்டும் விடுகிற சில ஓனர்கள் ஒரு மாத டெப்பாசிட்டுக்கு ஒத்துக்கொள்வார்கள், கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

இதற்கு மேல் மெத்தை, காத்தாடி, முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு, போக்குவரத்து. வேலை மாத நடுவில் தொடங்கினால் முதல் சம்பளம் பாதிதான் வரும். நான் சொல்வது 3500 வெள்ளி. இவ்வளவு இல்லையென்றால் உறவுக்காரர் வீட்டில் ஒரு மாதம் தங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அரிசிக்கும் லைட்டுக்கும் காசு கொடுத்துவிட்டுத் தங்குங்கள்.

"50 வெள்ளிக்கு மாசம் பூரா ரயில்ல போகலாம்னு சொல்றாங்களே, நெசமா?"

நிஜம். மை50 பாஸ், 50 வெள்ளி, 30 நாள், மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். அடையாள அட்டையோடு போய் எடுத்துக்கொள்ளலாம். ரேப்பிட் கே.எல். ஓட்டுகிற எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், பஸ், ஸ்டேசனுக்கு வரும் இணைப்பு பஸ் எல்லாவற்றிலும் செல்லும்.

கொமுட்டரில் செல்லாது. இதை ரவாங், கிள்ளான் பக்கம் ரூம் பார்ப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். கொமுட்டரில் வந்து எல்.ஆர்.டி.க்கு மாறினால் இரண்டுக்கும் தனித்தனிச் செலவு.

"தூரத்துல 450 வெள்ளி ரூம், கிட்டத்துல 800 வெள்ளி ரூம். எதை எடுக்கறது?"

வாடகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். வாடகை, வழிச்செலவு, வழியில் போகும் நேரம், இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். எம்.ஆர்.டி. கடைசி ஸ்டேசன் காஜாங் பக்கம் 450 வெள்ளி ரூம், பாஸ் 50, மாதம் 500 வெள்ளி. வாசலிலிருந்து வாசலுக்கு 75 நிமிடம் என்றால் மாதம் 55 மணி நேரம் வழியில். பிரிக்பீல்ட்ஸில் 800 வெள்ளி ரூம், அதே பாஸ், 850 வெள்ளி. 20 நிமிடப் பயணம், மாதம் 15 மணிக்கும் குறைவு.

350 வெள்ளி கூடக் கொடுத்து 40 மணி நேரத்தை வாங்குகிறீர்கள். மணிக்கு 8 வெள்ளி 75 காசு. இப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் 1700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. அதாவது 1700 வாங்குகிறவர் தம் ஒரு மணி நேர உழைப்பைவிடக் கொஞ்சம் அதிகம் கொடுத்து ஒரு மணி நேர ஓய்வை வாங்குகிறார். முதல் வருடம் அது வேண்டாம் என்பேன். தூரத்து ரூமை எடுங்கள், கடைசி ஸ்டேசன் என்பதால் காலையில் உட்கார இடம் கிடைக்கும், தூங்கிக்கொண்டே போகலாம். ஆனால் சம்பளம் 2800, 3000 என்று ஏறிவிட்டாலோ, ஓவர்டைம் செய்தாலோ, மாலையில் டிப்ளோமா படித்தாலோ கணக்கு மாறுகிறது. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு. அந்த 40 மணியில் முப்பதை அதற்குக் கொடுத்தாலே கிட்டத்து ரூம் தன் காசைத் தானே கொண்டுவந்துவிடும்.

உடம்பையும் கணக்கில் சேருங்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை என்றால், மாலை ரயிலில் மறுபடி ஒரு மணி நேரம் நிற்பது பெரிய விஷயம். அதற்கு நான் வெள்ளிக் கணக்குப் பார்க்க மாட்டேன்.

"ஸ்டேசன் பக்கத்துலயே, நடந்து 5 நிமிஷம்னு விளம்பரத்துல போட்டிருக்கு. நம்பலாமா?"

நடந்து பார்க்காமல் நம்பாதீர்கள். பூச்சோங்கில் நான் பார்த்த ஒரு அபார்ட்மென்ட் ஸ்டேசன் படியில் நின்றால் கண்ணுக்கு எதிரே தெரிந்தது. துணி காய்வதுகூடத் தெரிந்தது. நடுவில் எட்டு தடத்தில் நெடுஞ்சாலை. நடைபாலம் இன்னும் தள்ளி இருந்தது. ஏறி இறங்கி, பெட்ரோல் ஸ்டேசன் பின்பக்கமாகப் புல்லில் நடந்து, காவலாளி கேட்டுக்கு வந்து சேர 22 நிமிடம் ஆயிற்று. பாலத்துப் படியில் விளக்கும் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெண் பிள்ளை அங்கே தனியாக ஏறுவதை நினைத்துப் பார்த்தேன், அந்த ரூமை விட்டுவிட்டேன்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை நாள் காலை ஏழு மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்று, அங்கிருந்து வேலை இடம்வரை ஒரு முறை போய்ப் பாருங்கள். முடிந்தால் மாலை மழையில் திரும்பியும் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் எந்த வழியும் நல்ல வழியாகத்தான் தெரியும்.

"மோட்டார்ல போனா டோலே கிடையாதே, எதுக்கு ரயிலு?"

டோல் கிடையாதுதான், பெட்ரோலும் அதிகம் ஆகாது, பெடரல் நெடுஞ்சாலையில் மோட்டாருக்கென்று தனிப்பாதை 1970களிலிருந்தே இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பதினைந்து வயதிலேயே மோட்டார் பழகியவர்கள், அதனால் பயமும் இல்லை. ஆனால் செம்மண் பாதையில் ஓட்டுவது வேறு, லாரிக்கும் காருக்கும் நடுவில் 90இல் போவது வேறு. நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். மாலை நாலு ஐந்து மணிக்கு இடி மழை பிடித்தால் பாலத்தடியில் எத்தனை மோட்டார் ஒதுங்குகிறது என்று ஒரு நாள் பாருங்கள். அந்த இடத்தில் பின்னால் வருகிறவனுக்குக் கண் தெரியாது. என் யோசனை, ரூமிலிருந்து ஸ்டேசன் வரைக்கும் மோட்டார், மிச்சத்துக்கு ரயில்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டிலிருந்து வேலைக்கு நேராகப் போகும்போதும் வரும்போதும் விபத்து நடந்தால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இழப்பீடு கேட்க உரிமை உண்டு. 1969ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. போலீஸ் ரிப்போர்ட், மருத்துவமனைத் தாள், இரண்டையும் பத்திரமாக வையுங்கள். கம்பெனியில் கொடுத்த முகவரி நீங்கள் உண்மையிலேயே தங்கியிருக்கிற முகவரியாக இருக்கட்டும். பலர் ஊர் முகவரியையே கொடுத்து வைத்திருக்கிறார்கள், எந்த வீட்டிலிருந்து வந்தார் என்று நிரூபிக்க வேண்டிய நேரத்தில் அது சிக்கலாகிறது.

"ஷிப்ட் வேலை, விடியக்கால 6 மணிக்கு உள்ள இருக்கணும். ரயில் இருக்குமா?"

இருக்காது. எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. காலை ஆறு மணி வாக்கில் தொடங்கி நள்ளிரவு வாக்கில் முடிகின்றன. மருத்துவமனை, ஹோட்டல், தொழிற்சாலை, பாதுகாவலர் வேலைக்குப் போகிறவர்கள் மேலே சொன்ன கணக்கைப் போட வேண்டாம், நடந்து போகிற தூரத்தில் ரூம் எடுங்கள். வாடகை கூடினாலும் பரவாயில்லை.

கம்பெனி ஹாஸ்டல் கொடுக்கிறது என்றால் முதலில் அதைக் கேளுங்கள்: ஒரு அறைக்கு எத்தனை பேர், சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள், வேலையை விட்டால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும். தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் நம் தோட்டத்து வீடுகளுக்குப் பழக்கமான சட்டம்தான். 2019இல் திருத்தியதற்குப் பிறகு கம்பெனி ஹாஸ்டல்களையும் அது பார்க்கிறது.

"படம் அனுப்பிட்டாங்க, ரூம் நல்லா இருக்கு. 'புக்கிங்'குக்கு 300 வெள்ளி போட்டுவிடச் சொல்றாங்க."

போடாதீர்கள். ரூமை நேரில் பார்க்காமல் ஒரு காசு போகக் கூடாது. நிறையப் பேர் கேட்கிறார்கள், சீக்கிரம் முடிவு பண்ணுங்கள் என்று அவசரப்படுத்தினால் அதுவே அடையாளம். மோசடிக் கணக்கா என்று தெரிய, கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். காசு போய்விட்டது என்று தெரிந்தால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழையுங்கள், அன்றைக்கே. மறுநாள் என்றால் கணக்கில் ஒன்றும் இருக்காது.

நேரில் போகும்போது வீட்டு வரி அல்லது லைட் பில்லைக் காட்டச் சொல்லி, அதில் இருக்கிற பெயரும் உங்களிடம் காசு வாங்குகிறவரின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் அவர் வீட்டை மொத்தமாக எடுத்து ரூம் ரூமாக விடுகிறவராக இருக்கலாம். அதில் தப்பில்லை, ஆனால் அப்படி விட ஓனர் சம்மதித்த தாள் வேண்டும். ஏஜென்ட் என்று வந்தால் அவருடைய ரென் எண்ணை (வீட்டு ஏஜென்டின் பதிவு எண்) கேளுங்கள்.

"போன்ல ரூம் இருக்குன்னாங்க. இந்தியன்னு தெரிஞ்சதும் இல்லங்கறாங்க. என்னா பண்றது?"

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். குனிய வேண்டியவர்கள் நீங்கள் இல்லை. எனக்கும் நடந்தது. போனில் மலாயில் நன்றாகப் பேசியவர், என்னை லிஃப்ட் வாசலில் பார்த்ததும் "இப்பதான் ஒருத்தர் எடுத்துட்டாங்க" என்றார். அந்த விளம்பரம் அடுத்த மாதமும் அப்படியே இருந்தது. தனியார் ஓனர் இன்னாருக்குத்தான் விடுவேன் என்று சொல்வதைத் தடுக்கிற தனிச் சட்டம் நமக்கு இல்லை. வாடகை வீட்டுச் சட்டம் பற்றிப் பல வருடங்களாகப் பேச்சுதான் நடக்கிறது.

அதனால் அலைச்சலைக் குறைக்கிற வழியைச் சொல்கிறேன். முதல் செய்தியிலேயே பெயர், வேலை, கம்பெனி எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். மனம் இல்லாதவர் அங்கேயே நின்றுவிடுவார், உங்களுக்கு பஸ் காசும் ஒரு நாள் லீவும் மிச்சம். வேலை நியமனக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், பத்துமலை, கிள்ளான், ரவாங், காஜாங், பூச்சோங் பக்கம் நம்மவர்களே ஓனராக இருக்கிற வீடுகள் நிறைய. அவை விளம்பரத்துக்கு வருவதில்லை, கோயில் பலகையிலும் சாப்பாட்டுக் கடை கல்லாவிலும்தான் கிடைக்கும். செந்தூல் ரூம் எனக்கு அப்படித்தான், ஒரு பூக்கடை அக்கா சொல்லிக் கிடைத்தது.

"சமைக்கக் கூடாதுங்கறாங்க. தினமும் கடையில சாப்பிட முடியுமா?"

முடியாது, கட்டுப்படியாகாது. "லைட் குக்கிங்" என்றால் மேகி, முட்டை, சோறு வரைக்கும் என்று அர்த்தம். குழம்பு தாளிக்க விட மாட்டார்கள். மாதம் 50 வெள்ளி கூட இருந்தாலும் சமைக்க விடுகிற வீட்டை எடுங்கள்.

"பி.பி.ஆர். வீட்டுல ரூம் 350 வெள்ளிதான். எடுக்கலாமா?"

பி.பி.ஆர். அரசாங்கத்தின் ஏழைக் குடும்பங்களுக்கான வீடு. கே.எல்.லில் அந்த முழு வீட்டுக்கும் மாத வாடகை 124 வெள்ளி. அதை வாங்கியவர் உங்களிடம் ரூமுக்கு 350 கேட்கிறார், அது விதிக்கு மாறானது. சோதனை வந்தால் முதலில் வெளியே போவது நீங்கள், டெப்பாசிட்டைக் கேட்கவும் முடியாது. அதே பகுதியில் தனியார் ஓனருடைய மலிவு விலை பிளாட் இருக்கும், கொஞ்சம் கூடக் கொடுத்து அதில் தங்குங்கள்.

"எழுத்துல ஒப்பந்தம் வேணுமா? நல்ல மனுசன்தான், வாய்ப்பேச்சு போதும்ங்கறாரு."

நல்ல மனிதராக இருந்தால் எழுதவும் சம்மதிப்பார். ஒரு வருடத்துக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்கு முத்திரைக் கட்டணம் ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. மாதம் 500 வெள்ளி ரூம் என்றால் வருடம் 6000, கட்டணம் 24 வெள்ளிதான். முத்திரை இல்லாத தாளைக் கோர்ட்டில் காட்ட முடியாது.

உள்ளே போகிற அன்றே சுவர், குழாய், மெத்தை, மீட்டர் எண் எல்லாவற்றையும் படம் எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஏர்கானுக்குத் தனி மீட்டர் என்றால் ஒரு யூனிட் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

"வாடகை ஒரு மாசம் தள்ளிப்போச்சு, பூட்ட மாத்திட்டாரு. சாமான் உள்ள இருக்கு."

வாடகை பாக்கி உங்கள் மேல் தப்புதான். ஆனால் கோர்ட் உத்தரவு இல்லாமல் வாடகைக்கு இருப்பவரை வெளியேற்றக் கூடாது என்று 1950ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம் 7(2) சொல்கிறது. சத்தம் போடாமல், பாக்கியை எந்தத் தேதியில் கட்டுவீர்கள் என்று எழுதி அனுப்புங்கள், பூட்டைப் படம் எடுங்கள், போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள்.

டெப்பாசிட் திரும்பத் தராமல் இழுத்தடிப்பவர்களுக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு கோரிக்கை முறை இருக்கிறது. 5000 வெள்ளி வரை, வக்கீல் தேவையில்லை. இந்த வழக்குக்கு, முன்பு சொன்ன முத்திரைத் தாளும் படங்களும் வேண்டும்.

"அப்பாவுக்கு 60 ஆகப்போகுது, லயத்த காலி பண்ணணும். அவங்களையும் கே.எல்.க்குக் கூட்டிப் போயிடவா?"

வேலை முடிந்தால் தோட்டத்து வீடும் போகும் என்பது நமக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கடைசி மாதம்வரை யாரும் பேசுவதில்லை. நான் அம்மாவைக் கூட்டிப்போனேன். லிஃப்ட் இல்லாத பிளாட், நாலாவது மாடி. ஊரிலிருந்து ஒரு பால் டின்னில் கறிவேப்பிலைக் கன்று கொண்டுவந்திருந்தார், நடைபாதை ஓரத்தில் வைத்தார். அங்கே வெயில் வராது, இலை மஞ்சளாகி உதிர்ந்துகொண்டே இருந்தது. முழங்கால் வலியால் வாரத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மட்டும் இறங்குவார். சாயங்காலம் நான் வந்ததும் முதல் கேள்வி, "நம்ம பக்கம் மழ பேஞ்சிருக்குமா?" ஏழு மாதத்தில் திரும்பக் கொண்டுவந்து விட்டேன். கே.எல். எனக்கு வேலை கொடுத்த ஊர். அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, பேச ஆளும் இல்லை.

ஆகவே என் பதில், அப்பா அம்மா சிலிம் ரிவர் டவுனிலேயே, மருத்துவமனைக்கும் கடைக்கும் பக்கத்தில் ஒரு தரை வீட்டில் இருக்கட்டும். நீங்கள் 800 வெள்ளி ரூமுக்குப் பதில் 450 வெள்ளி ரூமில் இருந்து மிச்சத்தை இந்த வாடகைக்குப் போடுங்கள். இந்த ஒரு காரணத்துக்காக அந்த 40 மணி நேரத்தை வழியில் விட நான் சம்மதிப்பேன். ஊரிலேயே உங்கள் பெயரில் மலிவு வீடு வாங்க முடியுமென்றால் இ.பி.எஃப்.பில் (தொழிலாளர் சேமநிதி) செஜாத்ரா கணக்கிலிருந்து வீட்டுக்கு எடுக்கலாம்.

காலி செய்ய வேண்டிய தேதியை நிர்வாகத்திடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள், ஆறு மாதத்துக்கு முன்னாலேயே வீடு தேடத் தொடங்குங்கள். அப்புறம், வாரக் கடைசியில் வந்து போக வெள்ளிக்கிழமை மாலை இ.டி.எஸ். சீக்கிரம் நிரம்பிவிடும், சம்பளம் வந்த அன்றைக்கே அந்த மாதத்து டிக்கெட்டை எடுத்துவிடுங்கள்.